குழந்தைத் திருமணம்: ஊர் கேட்கும் கேள்விகளும் சட்டம் சொல்லும் பதில்களும்

(கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'அன்றாட வாழ்வில் சட்டம்'. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வாடகை ஒப்பந்தம், ஜீவனாம்சம் என்று இதில் பேச எவ்வளவோ இருக்கிறது. நம் பள்ளி வாசலுக்கே வந்து நிற்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது குழந்தைத் திருமணம். நான் வழக்கறிஞர் இல்லை. பி.எட். படித்து, சமூக அறிவியல் நடத்துகிற ஆசிரியர். பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டி சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

2025 மார்ச் மாதம் நம் மாவட்டத்தின் பெயர் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்தது நினைவிருக்கும். அஞ்செட்டி பகுதி மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி. அவளைவிட இரு மடங்கு வயதுள்ள ஒருவருக்குப் பெங்களூரில் வைத்துத் திருமணம் செய்து வைத்தார்கள். ஊர் திரும்பியதும் 'அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்' என்று அவள் சொல்லிவிட்டாள். அலறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சி கைப்பேசிகளில் பரவியது. தேன்கனிக்கோட்டை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்திலும் போக்சோ சட்டத்திலும் வழக்குப் பதிவாகி, மணமகனோடு உறவினர்களும் கைதானார்கள்.

செய்தியில் எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். ஓர் ஆசிரியராக என் கண்ணில் பட்டது வேறு ஒரு வரி. 'ஏழாம் வகுப்பு வரை படித்தவர்' என்று அதில் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் கடைசியாக இருந்த நாளுக்கும் தாலி ஏறிய நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் சட்டத்துக்கு அதிக பலம். தாலி ஏறிய பிறகு வழக்கு, கைது, நீதிமன்றம் என்று நீளும். அதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பே திருமணத்தை நிறுத்திவிட முடியும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த அழைப்பைச் செய்யவிடாமல் நம்மைத் தயங்க வைக்கும் கேள்விகள் பல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'பெரிய மனுஷி ஆயிட்டா, அப்புறம் என்ன?'

மஞ்சள் நீராட்டு விழா முடிந்ததும் பிறக்கும் முதல் பேச்சு இது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2007 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவருக்குக் குறைந்தாலும் அது குழந்தைத் திருமணம்தான். 'பெண்ணுக்கும் 21 ஆக்கிட்டாங்களாமே' என்று சிலர் கேட்கிறார்கள். 2021இல் அப்படி ஒரு மசோதா மக்களவையில் அறிமுகமானது உண்மை. அது நிறைவேறவில்லை; 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. ஆகவே இன்றைக்கும் பெண்ணின் வயது 18தான்.

'ரெண்டு வீட்டுக்கும் சம்மதம், சொந்தத்துலதான் கொடுக்கிறோம்'

ஒரு தாய் என்னிடம் கேட்டார்: 'டீச்சர், என் கூடப் பிறந்த தம்பிக்குத்தானே கொடுக்கிறேன், வெளியாளுக்கா கொடுக்கிறேன்?' அவர் குரலில் குற்ற உணர்வே இல்லை. பெண்ணைப் பத்திரமான கையில் ஒப்படைக்கிறோம் என்ற நிம்மதிதான் இருந்தது. பெற்றோர் கெட்டவர்கள் என்று எண்ணிக்கொண்டு பேசத் தொடங்கினால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவர்கள் பயம் வேறு. அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டால் பெண் யார் துணையில் இருப்பாள் என்ற பயம். காதல் என்று யாரோடாவது போய்விடுவாளோ என்ற பயம். பெண்ணுக்கு வயது ஏறினால் செலவும் ஏறும் என்ற கணக்கும் உண்டு.

ஆனால் சட்டத்தில் தாய்மாமனுக்கு விலக்கு இல்லை. பெற்றோரின் சம்மதமோ பெண்ணின் சம்மதமோ குறைந்த வயதை ஈடுகட்டாது. 18 வயது கடந்த ஆண் சிறுமியை மணந்தால் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். திருமணத்தை நடத்தி வைப்பவர், ஏற்பாடு செய்பவர், தடுக்கத் தவறும் பெற்றோர் ஆகியோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. தடுக்கத் தவறியதற்காகவோ கலந்துகொண்டதற்காகவோ பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது, அபராதம் உண்டு. கலந்துகொள்வதும் 11ஆம் பிரிவின்படி குற்றம். பத்திரிகை வைத்தார்களே என்று மொய் எழுதப் போகும் நமக்கும் இது பொருந்தும். இவை பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, பிணையில் விட முடியாத குற்றங்கள் என்று சட்டமே சொல்கிறது.

'இப்ப நிச்சயம் மட்டும்தான், கல்யாணம் அப்புறம்'

நிச்சயதார்த்தத்தை இந்தச் சட்டம் தனியாகக் குற்றமாக்கவில்லை. அதையும் தடைசெய்வது குறித்து நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 18 அன்று அளித்த தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. தண்டிப்பதைவிடத் தடுப்பதற்கே முதலிடம் வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்துகிறது.

அதனால் நிச்சயத்தின்போது நம் கை கட்டப்பட்டிருக்கிறது என்று பொருளல்ல. குழந்தைத் திருமணம் ஏற்பாடாகியிருக்கிறது என்று தெரிந்தாலே 13ஆம் பிரிவின்படி முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் தடையாணை பிறப்பிக்கலாம். குழந்தைத் திருமணத் தடை அலுவலர் மனுச் செய்யலாம். விவரம் அறிந்த எவரும் புகார் தரலாம். நம்பத்தகுந்த தகவல் கிடைத்தால் நடுவர் தாமாகவே நடவடிக்கை எடுக்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கொடுக்காமலே இடைக்காலத் தடை விதிக்கலாம். தடையாணையை மீறித் தாலி கட்டினால் அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

'பெங்களூர்ல வச்சுக்கிட்டா யார் கேக்கப் போறாங்க?'

எல்லையோரம் இருக்கும் நமக்கென்றே உள்ள கேள்வி இது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. தளியைத் தாண்டினால் ஆனேக்கல். வேப்பனப்பள்ளிக்காரர்களுக்கு ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீட்டில் பேசப்படும் ஊர்கள் இவை. அத்தை வீடு ஒரு மாநிலம், மாமன் வீடு ஒரு மாநிலம். பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் வேறு போலீஸ், வேறு அலுவலர் என்று நினைத்துக்கொண்டு திருமணத்தை அங்கே வைக்கிறார்கள்.

இது தப்புக் கணக்கு. மத்தியச் சட்டம் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். எந்த இடத்தில் குற்றம் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு எழுத்திலேயே வைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கர்நாடகத்தில் சட்டம் இன்னும் கடுமை. தமிழ்நாட்டில் நடக்கும் குழந்தைத் திருமணம், பாதிக்கப்பட்டவர் கேட்டால் நீதிமன்றம் செல்லாததாக்கும் திருமணம். கர்நாடகம் கொண்டுவந்து 2017இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அங்கே நடக்கும் குழந்தைத் திருமணம் நடந்த நொடியிலிருந்தே செல்லாது. அதை ரத்து செய்யக் கோரி வழக்குப் போடும் தேவையும் இல்லை. மற்ற மாநிலங்களும் இந்த வழியைப் பின்பற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபர் 11 தீர்ப்பில் பாராட்டியது. 'அந்தப் பக்கம் போனால் தப்பிக்கலாம்' என்று சொல்லும் பெற்றோரிடம் நாம் சொல்ல வேண்டிய பதில் இது: 'அந்தப் பக்கம் போனால் அது கல்யாணமே இல்லைங்க.'

'தாலி ஏறிடுச்சு, இனி என்ன செய்ய முடியும்?'

தாலி ஏறிய பிறகும் பெண்ணுக்குச் சட்டத்தில் வழிகள் உண்டு. இவற்றை நம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவசியம்.

முதலாவது, திருமணத்தை ரத்து செய்யும் உரிமை. 18 வயது நிறைந்து இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், அதாவது 20 வயதுக்குள், அவள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். 18 வயதாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பாதுகாவலரோ உற்ற நண்பரோ, தடை அலுவலரோடு சேர்ந்து அவள் சார்பில் மனுச் செய்யலாம். அவள் வசிக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்திலேயே செய்யலாம். கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது, 12ஆம் பிரிவு. வலுக்கட்டாயமாகவோ ஏமாற்றியோ ஓரிடத்திலிருந்து கொண்டுபோய்ச் சிறுமியை மணமுடித்தால், விலைக்கு விற்று மணமுடித்தால், தமிழ்நாட்டிலும் அந்தத் திருமணம் அறவே செல்லாது.

மூன்றாவது, ஜீவனாம்சமும் தங்குமிடமும். அவள் மறுமணம் செய்துகொள்ளும் வரை கணவன் ஜீவனாம்சம் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். கணவனும் வயது குறைந்தவன் என்றால் அவனுடைய பெற்றோர் தர வேண்டும். பிறந்த குழந்தை இருந்தால் அது சட்டப்படியான குழந்தையே.

நான்காவது, 'தாலி கட்டியவன்தானே இனி அவளுக்குப் பொறுப்பு' என்ற பேச்சு. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சிறுமியை மணந்த ஆண் அவளுடைய பாதுகாவலர் ஆக முடியாது. அவளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

ஐந்தாவது, போக்சோ. 18 வயது நிறையாத மனைவியோடு உடலுறவு கொள்வது குற்றம் என்று 2017 தீர்ப்பு தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே நிலைதான். மனைவி என்பதால் விலக்கு இல்லை. 'ரெண்டு பேரும் விரும்பித்தான் கட்டிக்கிட்டாங்க' என்பதும் விலக்காகாது. இதை நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 19 வயதுப் பையன் 17 வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்க் கோயிலில் தாலி கட்டினால் அவன் எதிர்காலமே வழக்கில் சிக்கும்.

வயதைச் சொல்வது நம் பதிவேடு

இப்போது நம் மேசைக்கு வருவோம். வயதில் சந்தேகம் எழுந்தால் நீதிமன்றம் முதலில் எதைப் பார்க்கும்? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசை வகுத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. போக்சோ வழக்குகளிலும் நீதிமன்றங்கள் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன.

2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியது. மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் 94ஆம் பிரிவு கேட்கும் ஆவணங்கள் ஆகமாட்டா என்றது. அந்த வழக்கில் வயதை நிரூபிக்க முடியவில்லை. நமக்கு இதில் பாடம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் 'ஜூன் மாசம்தான் பொறந்தா, ஏதோ ஒரு தேதி போடுங்க சார்' என்பதைக் கேட்டு நாம் எழுதும் தேதி, பத்து ஆண்டு கழித்து ஒரு பெண்ணைக் காப்பாற்றவும் செய்யும், கைவிடவும் செய்யும். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. சேர்த்துக்கொண்டு, பிறப்பைப் பதிவு செய்து சான்று வாங்க அந்தக் குடும்பத்துக்கு வழிகாட்டலாம். சான்று வந்ததும் அதைப் பார்த்துத் தேதியைச் சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு அப்பா வந்து டி.சி. கேட்கிறார். மனசுக்குள் ஏதோ உறுத்துகிறது. டி.சி.யைக் கொடுக்காமல் பிடித்து வைத்தால் திருமணம் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். தொடக்கக் கல்வி முடியும்வரை, கேட்டால் உடனே கொடுக்க வேண்டும் என்பதே சட்டம். 'அடுத்து எந்தப் பள்ளி?' என்று கேளுங்கள். எமிஸில் அந்தப் பெயர் வேறு பள்ளிக்குப் போனதா, பொதுத் தொகுப்பிலேயே கிடக்கிறதா என்று இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். அங்கேயே கிடந்தால் அந்த வீட்டுக்கு ஒருவர் போய் வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண் 1098. நம் பெயரைச் சொல்லாமலும் தகவல் தரலாம். அவசரம் என்றால் 112. தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடை அலுவலர் மாவட்ட சமூகநல அலுவலர். அவர் அலுவலகத்துக்கு எழுத்தில் தரலாம். திருமண ஆபத்தில் இருக்கும் குழந்தை, இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை'. அவளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்திப் பாதுகாப்பான இடத்தில் தங்க வைக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

சிறுமி ஏற்கெனவே மணமாகிக் கணவன் வீட்டில் இருக்கிறாள் என்று நமக்குத் தெரியவந்தால், தகவல் சொல்வது நம் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு அதைக் கடமையாக்குகிறது. தெரிந்தும் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் இருக்கிறது. பெண்ணின் பெயர், படம், பள்ளி, ஊர் ஆகியவற்றை வெளியிடுவதை 23ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த மார்ச் மாதக் காணொளி நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. இனி அப்படி ஒன்று வந்தால் பகிராமல் இருப்போம்.

'நான் சொன்னேன் என்று ஊரில் தெரிந்தால் எப்படி வேலை பார்ப்பது?' என்ற பயம் நியாயமானது. மலைக்கிராமத்தில் தனி ஆளாக இருக்கும் ஆசிரியைக்கு அது இன்னும் அதிகம். அதனால்தான் இதை ஒருவர் சுமையாக வைக்கக் கூடாது என்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழு, கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுயஉதவிக்குழுத் தலைவி ஆகியோரோடு சேர்ந்து பேசலாம். ஊரில் ஒரு பெண்ணுக்குப் புடவை எடுத்தார்கள் என்ற செய்தி நம்மைவிட அவர்களுக்கு முன்னதாகத் தெரியும்.

அப்பாவைச் சிறைக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்ற வருத்தமும் நமக்கு வரும். அந்தப் பெண்ணுக்கே வரும். முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்பதற்கு இதுவே பெரிய காரணம். திருமணத்துக்கு முன் அலுவலர் வந்தால் பெற்றோரிடம் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு, பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வாய்ப்பு இருக்கிறது. திருமணம் முடிந்து அவள் கருவுற்று மருத்துவமனைக்குப் போகும்போது அந்த வாய்ப்பு இருக்காது. மருத்துவமனையும் தகவல் சொல்ல வேண்டியதுதான். அதற்குப் பயந்து வயதை மாற்றிச் சொல்வதும் பரிசோதனைக்கே போகாமல் இருப்பதும் நடக்கின்றன. அதில் ஆபத்து அந்தச் சின்ன உடம்புக்குத்தான்.

தடுப்பதோடு நம் வேலை முடிவதில்லை. நிறுத்திய திருமணம் அடுத்த மாதம் வேறு ஊரில் நடக்கலாம். பெண் பள்ளியில் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள் என்றால் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளிகளையும் அரசு மாணவியர் விடுதிகளையும் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதைச் சொல்லுங்கள். ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வேன் ஏறிப் போகும் பக்கத்துத் தெரு அக்காமார்களைக் காட்டுங்கள். 18 வயதும் கையில் ஒரு சான்றிதழும் இருப்பதால்தான் அந்த வேன் அவர்களை ஏற்றிக்கொள்கிறது.

மணமாகித் திரும்பி வரும் பெண்ணையும் மறக்க வேண்டாம். தாலியோடு வந்தாலும் கைக்குழந்தையோடு வந்தாலும் அவளைச் சேர்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 14 வயதுக்குள் என்றால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பது அவள் உரிமை. அதற்கு மேல் என்றால் பள்ளியிலோ தனித்தேர்வராகவோ பத்தாம் வகுப்பு எழுத வழி இருக்கிறது. வகுப்பில் அவளைப் பார்த்து யாரும் கேலி பேசாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நாளை பள்ளிக்குப் போனதும் ஏழாம் வகுப்பு முதல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வராத மாணவிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எழுதுங்கள். எழுத முடியாத பெயர் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். பிறகு, 1098 என்ற எண்ணைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் மாணவியர் கழிப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள். யாரும் பார்க்காமல் ஒரு பெண் அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளக்கூடிய இடம் அது.